செட்டுக்கு எத்தனை அர்த்தம்?

சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, முன்னுரையில் ஒருவகை வினைச்சொற்களைப் பற்றி நொந்துகொண்டார். அவற்றின் பொருள் தளர்ந்து கிடக்கிறது, முதல் பொருளிலிருந்து எங்கெங்கோ விலகிப் போய்விடுகிறது, தடம் பிடித்துப் போக முடியவில்லை என்பது அவர் குறை. சான்றாகப் பதினைந்து சொச்சம் சொற்களை அடுக்கினார். எல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். கம், கோ, கிவ், டேக், கெட் என்று போகும் அந்த வரிசையில் மேக், புட், ரன், செட் ஆகிய நான்கும் உண்டு. ஜான்சனின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு அந்த நான்கே போதும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் மிக நீளமான பதிவு என்ற இடத்தை 1989 முதல் 2011 வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தவை இவைதான்.

முதலில் அந்த இடத்தில் இருந்தது செட். 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள் செலவாகியிருந்தன. நம் பதிப்பாளர்கள் நாவல் என்று அட்டை போட்டு விற்கும் பல புத்தகங்களில் அவ்வளவு சொற்கள் இருக்காது. தனி வினையாக 430 பொருள்கள். பின்னொட்டுச் சொல் சேர்ந்த வழக்குகளையும் தொடர்களையும் கூட்டினால் 580 வரை போகும். மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை எம் என்ற எழுத்திலிருந்து தொடங்கியது. அதனால் 2000இல் மேக் முந்தியது, 2007இல் புட், 2011இல் ரன். ரன் என்ற வினைக்கு 645 பொருள்கள். அந்த ஒரு சொல்லுக்காக அகராதியாளர் பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதம் உட்கார்ந்தார்.

கின்னஸ் சாதனைப் புத்தகத்தின் பழைய பதிப்புகளிலும் செட் இடம்பெற்றிருந்தது, ஆங்கிலத்தில் அதிகம் வேலை வாங்கப்படும் சொல் என்ற பட்டத்தோடு. ஆனால் அங்கே கொடுத்திருந்த கணக்கு வேறு: பெயராக 58, வினையாக 126, பெயரெச்சம் போல வருவது 10. ஒரு புத்தகம் வினைக்கு 126 என்கிறது, இன்னொன்று 430 என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. பெரிய எண் போட்ட தலைப்புகளை மட்டும் எண்ணினால் ஒரு தொகை வரும், அதற்குள் ஏ, பி, சி என்று பிரித்தவற்றையும் எண்ணினால் இன்னொன்று வரும். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்பது, ஒரு மலைத்தொடரில் எத்தனை மலை என்று கேட்பதைப் போன்றது. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று முடிவு செய்பவரைப் பொறுத்து விடை மாறும்.

அந்த முடிவை எடுத்தவர்கள் யார், எப்படி எடுத்தார்கள் என்று பார்த்தால் இது தெளிவாகும். ஜேம்ஸ் மரே 1879இல் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றபோது பத்தாண்டில் நான்கு தொகுதிகளாக முடித்துவிடலாம் என்றுதான் திட்டம். ஐந்தாண்டு கழித்து, 1884இல் வந்த முதல் பகுதி ஏ தொடங்கி ஆன்ட், அதாவது எறும்பு, வரைக்கும்தான் வந்திருந்தது. முழு அகராதி முடிய 1928 ஆயிற்று. மரே அதைப் பார்க்கவில்லை, 1915இல் இறந்துவிட்டார். இதற்கான மூலப்பொருள், தன்னார்வ வாசகர்கள் அனுப்பிய சீட்டுகள். அரைத்தாள் அளவில் ஒரு சீட்டு, தலைப்பில் சொல், கீழே ஆண்டு, நூல், அந்தச் சொல் வரும் வாக்கியம். மரே தன் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அறைகள் கொண்ட அடுக்குகளில் அவற்றைப் போட்டுவைத்தார். 1928இல் அகராதி முடிந்தபோது அச்சேறிய மேற்கோள்கள் மட்டும் 18 லட்சத்தைத் தாண்டின.

(அந்த வாசகர்களில் மிகவும் பேசப்பட்ட வில்லியம் செஸ்டர் மைனர் 1834இல் இலங்கையில் பிறந்தவர். தந்தை ஈஸ்ட்மன் மைனர் யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தைப் பார்த்துக்கொண்டவர். அதே மானிப்பாய் அச்சகத்தில்தான் 1842இல் யாழ்ப்பாண அகராதி அச்சானது. அதற்கு மானிப்பாய் அகராதி என்றே இன்னொரு பெயர். ஆக, சிறுவன் மைனர் அகராதி அச்சாகும் ஊரில் வளர்ந்திருக்கிறான். பின்னாளில் அமெரிக்க ராணுவ மருத்துவராகி, மனநிலை பிறழ்ந்து, 1872இல் லண்டனில் ஒருவரைச் சுட்டுக் கொன்று, பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைபட்டு, அங்கிருந்தபடியே ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆயிரக்கணக்கில் சீட்டுகள் எழுதினார். இந்தக் கதை பலருக்குத் தெரியும். மானிப்பாயை அதில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.)

எஸ் என்ற எழுத்தின் முதல் பகுதி ஹென்றி பிராட்லியின் பொறுப்பு. செட் அதில் வருகிறது. பிராட்லி பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. ஷெஃபீல்டில் கத்தியும் கரண்டியும் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருபதாண்டு காலம் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தார். மொழிகளையெல்லாம் தானாகப் படித்துக்கொண்டவர். 1884இல் அகராதியின் முதல் பகுதிக்கு அவர் எழுதிய மதிப்புரையைப் பார்த்து அசந்துபோன மரே அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். அப்படிப்பட்டவர் முன்னால் செட் என்று தலைப்பிட்ட சீட்டுகள் வந்து குவிந்தால் என்ன செய்வார்? மேஜையில் சாப்பாட்டுக்குத் தட்டுகளை வைப்பதும் செட், கடிகாரத்தை மணிக்குத் திருப்பி வைப்பதும் செட், எலிப்பொறி வைப்பதும் செட். மூன்றும் ஒரே குவியலா, மூன்று குவியலா? இருக்க வேண்டிய விதத்தில் ஒன்றை இருக்கச் செய்வது என்று பொதுவாக ஒரு விளக்கம் எழுதிவிட்டால் மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த விளக்கத்தை மட்டும் படித்த ஒருவனுக்குப் பொறி வைப்பதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று எப்படித் தெரியும்? பிரிக்கவும் வேண்டும், கட்டவும் வேண்டும். பிராட்லியும் அவர் கூட இருந்தவர்களும் பிரிக்கும் பக்கம் சாய்ந்தார்கள்.

2011இல் ரன் முதலிடம் பிடித்தபோது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் வரலாற்றை எழுதிய சைமன் வின்செஸ்டர் அதற்கு ஒரு காரணம் சொன்னார். செட் அசையாத சொல், ரன் ஓடுகிற சொல். இயந்திரமும் கணினியும் வந்த காலத்துக்கு ரன்தான் பொருத்தம் என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் கஷ்டம். செட்டின் பதிவு அடிப்படையில் முதல் உலகப் போருக்கு முன்பு, தபாலில் வந்த காகிதச் சீட்டுகளை வைத்து எழுதப்பட்டது. 1989 பதிப்பு பெரும்பாலும் அந்தப் பழைய வாசகத்தையும் பின்னிணைப்புகளையும் ஒன்று சேர்த்தது. ரன்னின் பதிவோ கணினித் தரவுத்தளங்களில் கோடிக்கணக்கான சொற்களைத் துழாவி எழுதியது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி எது உயரம் என்று பார்ப்பது நியாயமாகாது. 645 என்ற எண்ணில் ஆங்கிலேயரின் மனப்போக்கு கொஞ்சம் இருக்கலாம். அகராதியாளரின் கருவிகள்தான் அதில் அதிகம்.

எண்களை விட்டுவிட்டுச் சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் சிட்டன் என்றால் உட்கார்வது, செட்டன் என்றால் உட்கார வைப்பது. ஒன்று தன்வினை, அதைப் பிறவினையாக்கியது மற்றொன்று. தமிழனுக்கு இது புதிதில்லை. நட என்பதிலிருந்து நடத்து, உருள் என்பதிலிருந்து உருட்டு, இரு என்பதிலிருந்து இருத்து. செட் என்பதன் வேர்ப்பொருள் துல்லியமாக இருத்துதான். சூரியன் மறைவதற்கு அந்தக் காலத்து ஆங்கிலத்தில் இருந்த பெயர் செட்ல்காங்: இருக்கைக்குப் போதல். வேட்டை நாய்களில் செட்டர் என்று ஓர் இனம் உண்டு. இரையை மோப்பம் பிடித்ததும் குரைக்காமல், பாயாமல், தரையோடு பதுங்கி இருந்துவிடும். அதனால் அந்தப் பெயர். ரம்பத்தின் பற்களை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே வளைத்துவிடுவார்கள், அறுக்கும்போது தகடு மரத்தில் சிக்காமல் போவதற்கு. அந்த வளைவுக்கும் செட் என்றே பெயர். முறிந்த எலும்பைக் கூட்டி வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, அச்சு எழுத்துக் கோப்பது, பாட்டுக்கு மெட்டமைப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது எல்லாம் இருத்துதலின் பேரன் பேத்திகள்.

இவற்றில் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்: சிமெண்ட். கட்டடப் பொறியியலில் செட் ஆவதும் இறுகுவதும் ஒன்றல்ல. தண்ணீர் சேர்ந்த கலவை குழைவை இழந்து, தள்ளினால் நகராத நிலைக்கு வருவது செட் ஆவது. அதன் பிறகு நாள்கணக்கில் வலு ஏறுவது இறுகுவது. அதனால்தான் 28 நாள் கழித்து வலுவைச் சோதிக்கிறார்கள். முதல் நிலையை அளக்கப் பிரெஞ்சுப் பொறியாளர் லூயி விகாவின் பெயரில் ஒரு கருவி இருக்கிறது. 40 மில்லிமீட்டர் ஆழமுள்ள அச்சில் சிமெண்ட் பசையை நிரப்பி, ஒரு சதுர மில்லிமீட்டர் முனை கொண்ட ஊசியை மேலிருந்து இறங்க விடுவார்கள். முதலில் ஊசி அடிவரை போகும். நேரம் ஆக ஆகத் தயங்கும். அடியிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் உயரத்திலேயே நின்றுவிட்டால் அது தொடக்கச் செட். சாதாரண போர்ட்லாண்டு சிமெண்டுக்கு இந்தியத் தர அளவு, தொடக்கச் செட் 30 நிமிடத்துக்கு முன் ஆகக் கூடாது, இறுதிச் செட் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. சாதாரணப் பேச்சில் மங்கலாக இருக்கும் ஒரு பொருளை ஒரு தொழில் எடுத்து, ஊசியும் கடிகாரமும் வைத்துக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. இங்கே செட் என்பது யாரும் எதையும் வைப்பதல்ல, கலவை தானாக ஆவது. பிறவினையாகப் பிறந்த சொல் மறுபடி தன்வினையாகிவிட்டது. நம் கொத்தனார், தளம் போட்ட மறுநாள் காலை, செட் ஆயிருச்சு, தண்ணி கட்டலாம் என்று சொல்லும்போது இந்த வேறுபாடு முழுக்க அவர் வாயில் சரியாக இருக்கிறது.

இதுவரை சொன்னது ஒரு செட். அதே ஒலியில் இன்னொரு செட் இருக்கிறது, வேறு குடும்பத்திலிருந்து வந்தது. பின்தொடர்தல் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து செக்டா. ஒரு குருவையோ கொள்கையையோ பின்தொடர்பவர் கூட்டம். அதிலிருந்து பழைய பிரெஞ்சில் செட்டெ, அங்கிருந்து இங்கிலாந்துக்கு. முதலில் சமயப் பிரிவினர், பிறகு ஒரே மாதிரியான ஆட்களின் கூட்டம், பிறகு ஒன்று சேர்ந்தால் முழுமையாகும் பொருள்களின் தொகுதி. டீ செட், சதுரங்கக் காய்களின் செட் எல்லாம் இந்த வழி. ஒலியில் உட்கார வைத்தலும் பின்தொடர்தலும் ஒன்றாகிவிட்டதால், பேசுகிறவர்கள் இரண்டையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டு பொருள்களைக் குழப்பி நெய்தார்கள். ஒழுங்காக வைக்கப்பட்டவை ஒரு தொகுதிதானே என்று தோன்றுவதில் தப்பும் இல்லை. ஒரே சொல் பலவாகக் கிளைப்பதற்கு 1897இல் பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரேயால் பாலிசெமி என்று பெயர் வைத்தார். வேறு வேறு சொற்கள் ஒலியால் ஒன்றாவது வேறு சங்கதி. புத்தகத்தில் இவற்றைப் பிரிப்பது சுலபம். செட்டில் கோடு கிழிக்க முயன்றவர்கள் திண்டாடித்தான் போனார்கள்.

பிறகு பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள். அவுட் சேர்ந்தால் பயணம் புறப்படுவது. இன் சேர்ந்தால் மழையோ குளிரோ பிடித்துக்கொள்வது. ஆஃப் சேர்ந்தால் வெடிக்க வைப்பது, கிளம்புவது, அழகை எடுத்துக்காட்டுவது. அசைட் சேர்ந்தால் ஒதுக்கி வைப்பது. நீதிமன்றத்திலோ கீழ்க்கோர்ட் தீர்ப்பை ரத்து செய்வது. அப்பான் சேர்ந்தால் மேலே விழுந்து தாக்குவது. இந்த வழக்கத்தையும் ஜான்சன் தன் முன்னுரையில் தனியாகக் குறிப்பிட்டு, வெளிநாட்டுக்காரர்களுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல் என்றார். நம் கல்லூரிகளில் ஆங்கிலம் நடத்துகிறவர்கள் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்கள்.

ஏன் சின்னச் சொற்களுக்கு மட்டும் இப்படி? ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1945இல் ஒரு கணக்கு சொன்னார். ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறதோ, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பொருள்களின் எண்ணிக்கை உயரும். நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்கு ஏறத்தாழப் பத்து மடங்கு பொருள். அகராதிகளில் எண்ணிப் பார்த்தால் மொத்தத்தில் சரியாகத்தான் வருகிறது. ஆனால் காரணம் எது, விளைவு எது என்று அது சொல்லாது. அடிக்கடி புழங்குவதால் பொருள் பெருகுகிறதா, பொருள் பலவாக இருப்பதால் அடிக்கடி தேவைப்படுகிறதா? இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகின்றன என்றுதான் தோன்றுகிறது. தமிழில் போடு என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஓட்டு, விளக்கு, கணக்கு, மொட்டை, தூக்கம் எல்லாம் போடுகிறோம், பூனை குட்டி போடுகிறது. போடு என்று மட்டும் சொன்னால் எதுவும் தெரியாது. முன்னால் வரும் பெயர்தான் அதற்கு உயிர். அதில் சொந்தச் சரக்கு அநேகமாக இல்லை, அதனாலேயே எதோடும் சேர்கிறது.

இதைத் தமிழ் இலக்கணம் வெகு காலத்துக்கு முன்பே பிடித்துவிட்டது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பல்பொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருவகையில், கூட வரும் வினையும், இனமும், சார்பும் எந்தப் பொருள் என்று காட்டிவிடும். மா பூத்தது என்றால் மரம் என்பதில் ஐயமில்லை. மற்ற வகையில் அந்த உதவி கிடைக்காது. மா வீழ்ந்தது என்றால் மரமா, விலங்கா? அப்போது சொல்பவன்தான் மாமரம் வீழ்ந்தது என்று விளங்கச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று ஆங்கிலேய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1957இல் எழுதியதை உலகம் முழுக்க எடுத்தாள்கிறார்கள். அகராதியில் செட்டுக்குக் கீழே வரும் 430 தலைப்புகளையும் இந்தக் கண்ணோடு படித்தால், அவை ஒரு சொல்லின் பொருள்கள் என்பதைவிட அது பழகிய கூட்டாளிகளின் பட்டியல் என்று சொல்வதே சரி. 430ஐயும் எந்த ஆங்கிலேயனும் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. சிமெண்டைப் பார்த்தால் ஒன்று, சூரியனைப் பார்த்தால் ஒன்று என்று கூட வருபவரை வைத்துப் பிடித்துக்கொள்கிறான்.

கணிதம் இந்தத் தளர்ச்சியைப் பொறுக்காது. கியோர்க் கேண்டர் ஜெர்மன் மொழியில் தன் கோட்பாட்டை எழுதியபோது பயன்படுத்திய சொல் மெங்கெ, கூட்டம் அல்லது ஏராளம் என்ற பொருளில். 1915இல் ஃபிலிப் ஜோர்டைன் அதை ஆங்கிலமாக்கியபோது அக்ரிகேட் என்றே எழுதினார். பிறகுதான் செட் நிலைபெற்றது. பாடநூல் தமிழில் இது தமிழ்நாட்டில் கணம், இலங்கையில் தொடை. இரண்டுமே ஏற்கெனவே பல்பொருள் சுமந்த சொற்கள். கணம் என்றால் நொடியும் உண்டு, சிவகணமும் உண்டு. தொடை என்றால் உடலுறுப்பு, மாலை, யாப்பு உறுப்பு. எந்த மொழியும் புதுக் கருத்துக்குப் புழங்காத சொல்லைத் தேடிப் போவதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். கணக்கில் எதுவுமே இல்லாத தொகுதியும் வெற்றுக் கணம் என்ற பெயரில் ஒரு செட். கடைக்காரரிடம் போய் எதுவும் இல்லாத டீ செட் ஒன்று கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் இந்தச் சொல் செட்டு என்றும் செட் என்றும் புழங்குகிறது. ஆங்கிலத்தின் 430இல் பெரும்பாலானவை இங்கே வரவே இல்லை. சூரியனோ வேட்டை நாயோ நமக்கு செட் ஆவதில்லை. பின்தொடர்தல் குடும்பத்துப் பொருள்கள்தான் முதலில் குடியேறின. மைக் செட், ரேடியோ செட், சீரியல் செட், பம்புசெட். இந்தக் கடைசிச் சொல் சுவாரசியமானது. மோட்டாரும் பம்பும் சேர்ந்தது செட் என்பதுதான் மூலம். ஆனால் கிராமத்தில் பம்புசெட்டுல குளிச்சுட்டு வரேன் என்று ஒருவர் கிளம்பினால் மோட்டாருக்குள் இறங்கப் போவதாக அர்த்தமில்லை. கிணற்றடி, மோட்டார் அறை, குழாய் வாயிலிருந்து பாய்ந்து விழும் தண்ணீர், அது நிறையும் தொட்டி, பக்கத்து வாய்க்கால் எல்லாம் சேர்ந்த இடம் அது. பொருளின் பெயர் இடத்தின் பெயராகிவிட்டது. எந்த ஆங்கில அகராதியிலும் இந்தப் பொருள் இருக்க வழியில்லை. கொட்டகையைக் குறிக்கும் ஷெட் என்ற சொல்லின் ஒலியும் இதற்குத் துணைபோயிருக்கும் என்பது என் ஊகம்.

சாப்பாட்டுக் கடையில் அது எண்ணும் அளவையாகிவிட்டது. பூரி ஒரு செட், பரோட்டா ஒரு செட். எத்தனை என்பதைக் கடையின் வழக்கம் தீர்மானிக்கும். சேலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே சாயங்காலத் தள்ளுவண்டிகளில் தட்டுவடை செட் கிடைக்கும். உள்ளங்கையில் அடங்கும் மொறுமொறுப்பான தட்டுவடை ஒன்று, அதன்மேல் சட்னி தடவி, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். வாயில் முழுதாகப் போட வேண்டும், கடித்தால் சிதறிவிடும். இங்கே செட் என்பது இரண்டு என்ற எண்ணும் இல்லை, தொகுதியும் இல்லை. நடுவில் வைத்து மூடும் அந்த அமைப்புக்கே அது பெயர். முறுக்கை வைத்துச் செய்தால் முறுக்கு செட். செட் போடுங்க என்று கேட்கிறவர் வாயில், ஆங்கிலத்தில் என்றோ பிரிந்து வந்து ஒன்றுகலந்த இரண்டு குடும்பங்களும், வைத்தலும் தொகுதியும், மறுபடி ஒன்றாக இருக்கின்றன.

சினிமா தனி வழி. 1987இல் வந்த நாயகன் படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி பம்பாய்த் தாராவியைச் சென்னையில் எழுப்பினார். அது செட் என்பதைப் படம் பார்த்தவர்கள் பலர் நம்பவில்லை. அந்தத் தொழிலிலிருந்து பொய்த்தோற்றம் என்ற பொருள் பொதுப்பேச்சுக்கு வந்தது. நடந்ததாகக் காட்டப்படும் ஒரு சண்டையைப் பார்த்து, எல்லாம் செட்டப்பு என்கிறோம். செட்டப்பு என்பதற்கு ஊரறியாமல் வைத்துக்கொண்ட குடித்தனம் என்றும் ஒரு பொருள் உண்டு; அது ஆங்கிலத்திலிருந்து நேரே வந்ததா, இங்கேயே விளைந்ததா என்பதைச் சீட்டுகள் வைத்துத்தான் சொல்ல முடியும். நமக்கு அப்படிச் சீட்டுகள் எழுதி அனுப்பும் வாசகர் படை இருந்ததில்லை. அவன் எங்க செட்டு என்று ஒரே வயதுக்காரனைச் சொல்வது மட்டும் லத்தீன் செக்டாவுக்கு மிக அருகில் நிற்கிறது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆங்கிலச் சொல் வருவதற்கு முன்பே தமிழில் செட்டு உண்டு. வணிகம், சிக்கனம் என்று அதற்குப் பொருள். செட்டி என்ற சொல்லோடு உறவுடையது. கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள் என்று பாட்டிகள் ஒரு மருமகளைப் பாராட்டும்போது சொல்வது இந்தச் செட்டு. உகரம் ஏற்ற ஆங்கிலச் செட்டும் இதுவும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இப்படி நேர்ந்தபோது இரண்டும் கலந்துபோயின. தமிழில் கலக்கவில்லை. காரணம், பழைய செட்டு ஏறக்குறைய ஒரே தொடருக்குள் ஒடுங்கிவிட்டது. கட்டு என்ற துணையில்லாமல் வெளியே வருவதில்லை. தொல்காப்பியர் சொன்ன சார்பு இங்கே வேலியாக நிற்கிறது.

எனவே தமிழ் அகராதி ஒன்றில் இதை எப்படிப் பதிவது? சிக்கனம் என்ற செட்டு தனித் தலைச்சொல். தொகுதி, கூட்டாளிகள், படப்பிடிப்புத் தளம், தின்பண்ட அமைப்பு என்ற பொருள்கள் இன்னொரு தலைச்சொல்லின் கீழ் வரலாம். பம்புசெட்டைத் தனியாகவே பதிய வேண்டும்; அதன் பொருளை இப்போது பம்பையும் செட்டையும் கூட்டிப் பெற முடியாது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது செட் ஆகு என்ற கூட்டுவினை. சிமெண்ட் செட் ஆவது ஆங்கிலத்தை ஒட்டியது. ஆனால் அந்த வேலை எனக்கு செட் ஆகாது, இந்தக் கண்ணாடி உனக்கு செட் ஆகுது, அவங்க ரெண்டு பேருக்கும் செட் ஆகல என்று பேசும்போது, ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால் சொல்லவே முடியாத ஒன்றைச் சொல்கிறோம். இவற்றில் அனுபவிக்கிற ஆள் நான்காம் வேற்றுமையில் வருகிறார். எனக்குப் பிடிக்கும், உனக்குப் பொருந்தும், அவருக்கு ஒத்துவராது என்ற வாக்கியங்களின் சட்டகம் இது. ஆங்கிலத்திலிருந்து ஒலியை மட்டும் எடுத்து, ஒத்துவா என்ற தமிழ் வினை இருந்த இடத்தில் அதை இருத்தியிருக்கிறார்கள். ஆகவே இதை செட்டின் கீழ் ஏழாவது எட்டாவது பொருளாகச் சேர்த்துவிட்டு நகர்வது தவறு. வேற்றுமை உருபையும், எதிர்மறையில்தான் அதிகம் வருகிறது என்பதையும் குறித்து, ஆங்கில மூலத்தை அடைப்புக்குள் மட்டும் காட்டி, தமிழ் வினையாகவே தனிப் பதிவு கொடுக்க வேண்டும்.